பச்சைப் பலகை மாட்டிய வீடு

தேயிலைத் தோட்டத்துக் கோயில் கமிட்டிக்காரர்களுக்கு நல்ல மனசுதான், இல்லையென்று சொல்லவில்லை. அடி உதை, ஆபத்து என்றால் பெண்கள் ஓடிப்போய்க் கதவைத் தட்ட ஒவ்வொரு லயத்து வீட்டு வரிசைக்கும் ஒரு உதவி வீடு வேண்டும், அடையாளமாக வாசலில் பச்சைப் பலகை மாட்ட வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எந்த வீடு என்பதில்தான் மூளையைக் கழற்றி வைத்துவிட்டார்கள். திருவிழாவில் மாலை போடும் அதே வரிசையில், தாம்பாளத்தில் வைத்துப் பலகைகளைக் கொடுத்தார்கள். கீழ் லயத்தில் மாலை எப்போதும் விஜயனுக்கு. அவன் மனைவி குமுதாவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டியிருப்பாள். இந்த மலைக்குளிரில் எல்லாரும் ஸ்வெட்டருக்குள்தான் இருக்கிறார்கள். விஜயனுக்கு அது வசதியாகப் போயிற்று.

முதலில் ஓடிவந்தவள் நளினி. விஜயன் அவளுக்குச் சூடாக மைலோ கலக்கச் சொன்னான், புத்தி சொன்னான், பிறகு அவள் புருஷனுக்குப் போன் போட்டுக் கையோடு ஒப்படைத்தான். குடும்பத்தைச் சேர்த்து வைத்தானாம், கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். அடுத்த வாரம் நளினி கையில் மாவுக்கட்டோடு நின்றாள்.

மழை தூறிய ஒரு மத்தியானம், கடைசி வீட்டுப் பூவிழி உதடு கிழிந்து வந்து நின்றாள். கொழுந்து எடை போட்டு முடிந்ததும் விஜயன் வந்துவிடுவான்.

“அக்கா, பலகையப் பாத்துதான் வந்தேன்.”

“உள்ள வராத பூவிழி. இவரு வந்தா உன் புருஷன் கையிலயே குடுத்துருவாரு. ரோட்டுக்கு ஓடு. ரஞ்சிதமும் அவ வீட்டுக்காரரும் காய்கறி லோரியில மலையெறங்குற நேரம். தாப்பா டவுன்ல உங்கம்மா வீட்டுல விடச் சொல்லு.”

பூவிழி நடுங்கினாள். குமுதா தன் ஸ்வெட்டரைக் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டாள். பூவிழியின் கண் குமுதாவின் வெற்றுக் கைகளில் நின்றது.

“அக்கா, நீங்களும் வாங்கலா.”

“ஸ்கூல் விட்டுப் புள்ளைங்க வரும். நீ போ.”

பக்கத்து வீட்டு ஜன்னல் சும்மா இருக்குமா? சாயங்காலமே, விஜயன் வந்த கையோடு, கமிட்டியும் வந்து நின்றது. தலைவர் கருப்பையா முகத்தில் கோபம்.

“நம்பி வந்த புள்ளைய வாசலோட வெரட்டிட்டியாமே? எங்க போச்சு அது?”

குமுதா வாய் திறக்கவில்லை. சொன்னால் பூவிழியின் புருஷன் தாப்பாவுக்குக் கிளம்பிவிடுவான். வேறு ஸ்வெட்டரும் அவள் போடவில்லை. லைட்டுக்கு நேராக, இரண்டு கைகளும் தெரிய, வேண்டுமென்றே நின்றாள். இன்றைக்காவது பார்க்கட்டும்.

கருப்பையா பார்த்தார். பழைய மஞ்சள் கன்றலையும் புது நீலத்தையும் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“பலகை இங்கயே இருக்கட்டும்லா. உன்மேல ஒரு குத்தமும் இல்ல விஜயா. வீட்டுலதான் கொஞ்சம் சொல்லி வையி.”

“சொல்றேங்க தலைவரே.”

விஜயன் அவர்களைப் படி வரை கொண்டுபோய் விட்டான். திரும்பி வந்து, கோணலாகத் தொங்கிய பலகையை நேராக்கினான். உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.