நாற்பத்தொன்றாம் நிமிடம்

நடந்ததை வரிசை மாறாமல் எழுதப் பார்க்கிறேன். மாலை நேர எழுத்துப் பயிற்சி வகுப்பில் ஆசிரியை சொல்லிக் கொடுத்ததில் இது ஒன்றுதான் எனக்கு ஓரளவு வருகிறது.

என் வேலை படம் பார்ப்பது. கேட்பவர்கள் பொறாமைப்படுவார்கள். ஓடிடி நிறுவனங்கள் சொந்தமாக எடுக்கும் படங்கள் வெளிவருமுன் எங்கள் அலுவலகத்துக்கு வரும். ஏழு பேர், ஏழு கணினி, ஏழு ஹெட்போன். படத்தில் பெயர்ப் பட்டியல் இருக்காது. ஓர் எண் மட்டும் இருக்கும். யார் எந்த நிமிடத்தில் விட்டுவிட்டுப் போனார்கள் என்பதைக் கணினியே குறித்துக்கொள்ளும். பத்து நிமிடத்துக்கு மேல் நிறுத்தி வைத்தாலும் போனதாகத்தான் கணக்கு. ஒரே இடத்தில் நூற்றுக்கு முப்பதுக்கு மேல் போயிருந்தால், காட்சியை மாற்றச் சொல்லி அறிக்கை போகும். படம் நன்றாக இருந்ததா என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் நன்றாகவும் இருக்காது, மோசமாகவும் இருக்காது. துணி மடித்துக்கொண்டே பார்ப்பவர்களுக்காக எடுத்த படங்கள். கதவைத் திறப்பவன் "கதவத் திறக்கிறேன்" என்பான். கோபத்தில் இருப்பவள் "நான் கோபமா இருக்கேன்" என்பாள். என் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தலைகாணி என்று பெயர் வைத்திருக்கிறோம். பத்தாம் நிமிடத்தில் கண் சொக்கும். படம் முடிந்து சத்தம் நின்றதும் விழிப்பார். எங்கும் எழுந்து போகாததால் அவர் கணக்கு எப்போதும் நூற்றுக்கு நூறு. "இந்த ஆபீஸ்லயே பொறுமையான ரசிகன் நான்தாம்மா" என்பார்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு படம் வந்தது. நாற்பத்தொன்றாம் நிமிடத்தில், மனைவி விட்டுப்போன ஒருவன் படுக்கை விரிப்பை மாற்றுகிறான். ஓரத்தில் எலாஸ்டிக் வைத்த விரிப்பு. மூன்று மூலைகளை மாட்டிவிடுவான். நான்காவதை இழுத்தால் முதல் மூலை கழன்றுகொள்ளும். மறுபடி கட்டிலைச் சுற்றி வருவான். நான்கு நிமிடம். பேச்சில்லை, இசையில்லை. நான் படத்தை நிறுத்திவிட்டு, பார்த்ததை நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பதினோரு நிமிடம் எழுதியிருக்கிறேன். பிறகு விட்ட இடத்திலிருந்து கடைசிவரை பார்த்தேன். விதி எனக்குத் தெரியும். எழுதும்போது மறந்துபோயிற்று.

போன வியாழக்கிழமை அக்கா வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் படத்தொகுப்பாளர். அதுவரை விளம்பரங்களைத்தான் வெட்டி ஒட்டியிருந்தாள். இப்போதுதான் முதல் முழுப்படம். என்ன படம் என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாது என்பது ஒப்பந்தம். ஒன்றரை வருடமாக வாயைத் திறக்காதவள் அன்று திறந்தாள்.

"ஏழு பேருக்குப் போட்டுக் காட்டினாங்களாம். மூணு பேர் ஒரே எடத்துல போயிட்டாங்களாம்."

"என்ன சீன்?"

"ஒருத்தன் பெட்ஷீட் மாத்துறான், அவ்வளவுதான். நாப்பது செகண்டாக் கொறைக்கணுமாம். அதுலயும் யாருக்காவது போன் போட்டு 'அவ போயிட்டா'ன்னு சொல்லணுமாம். அந்த நாலு நிமிஷத்துக்காகத்தான்டி நான் இந்தப் படத்தையே ஒத்துக்கிட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் டைம்."



"அந்த மூணு பேர்ல ஒண்ணு நான்தான்க்கா."

"நீயா? எந்திரிச்சுப் போனியா?"

"போகல. ரொம்பப் புடிச்சுதுன்னு நிறுத்தி வெச்சு எழுதினேன்."

"புடிச்சா பாக்கணும்டி! பசிக்குதுன்னு எவளாவது தட்ட மூடி வெப்பாளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நாளைக்கு மொத வேலையாப் போய்ச் சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை மேற்பார்வையாளர் மேடத்திடம் சொன்னேன்.

"நிறுத்தி வெச்சு என்ன பண்ணே?"

"எழுதினேன் மேடம்."

"என்னத்த?"

"அவன் எந்த மூலைக்கு அப்புறம் எந்த மூலைய மாட்டுறான்னு."

மேடம் மற்ற இருவரையும் கூப்பிட்டுக் கேட்டார். இருவரும் உண்மையிலேயே போனவர்கள்தான். அதில் ஒருவர் சொன்னார்: "எங்க வீட்லயே ஆறு பெட்ஷீட் மாத்த ஆளில்லாமக் கெடக்கு மேடம். இதுல அவன் வீட்டுதையும் நான் பாக்கணுமா?"

மேடம் திருத்தப் படிவத்தைக் கொடுத்தார். என் பதிவைத் திருத்தினால் ஏழில் இரண்டு பேர், நூற்றுக்கு இருபத்தெட்டரை. காட்சி தப்பிவிடும். வேகமாக நிரப்பிக்கொண்டு வந்தேன். இரண்டாம் பக்கத்தில் ஆறாவது கேள்வி: இந்தப் படத்தின் உருவாக்கத்தில் உங்கள் உறவினர் எவரேனும் பங்கேற்றுள்ளாரா? ஆம் எனில் உங்கள் பதிவு நீக்கப்படும்.

நீக்கினால் ஆறில் இரண்டு. முப்பத்து மூன்று. மூன்று தடவை வகுத்துப் பார்த்தேன், மாறவில்லை.

படம் பார்க்குமுன் இதே கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தேன். அன்று அது உண்மை. இன்றும் அப்படியே எழுதினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. இருபது நிமிடம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் எடுக்கப் போன தலைகாணி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, பரீட்சையா? ஒரு டிக்குதானே, போட்டுட்டு எந்திரி."

'ஆம்' என்பதில் போட்டேன். நேர்மையா, மாட்டிக்கொள்வோம் என்ற பயமா என்று கேட்டால் எனக்கு இன்னும் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கும்.

மேடம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத நீ சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் மேடம்."

"எனக்கும் அந்த சீன் புடிச்சுதும்மா. ஆனா நான் அந்த ஏழு பேர்ல இல்லையே" என்று சொல்லி என் பதிவை நீக்கினார்.

வீட்டில் அக்கா கத்தினாள். "ஒரு 'இல்ல' போடறதுக்கு ஒனக்குக் கை வலிச்சுதா?"

"நீ இருக்கியேக்கா. எப்படி இல்லன்னு போடறது?"

அறைக் கதவை அறைந்து சாத்திக்கொண்டாள். சனிக்கிழமை தன் தட்டை மட்டும் கழுவி வைத்தாள்; என்னுடையது தொட்டியிலேயே கிடந்தது.

ஞாயிறு காலை அவள் அறையிலிருந்து குரல் வந்தது. "வா இங்க. நாப்பது செகண்ட்ல எந்த மூலைய வெக்கிறது? கெடுத்தவ நீதானே, ஒக்காந்து சொல்லு."

"நாலாவது. கையவிட்டு நழுவும்போது சிரிக்கிறானே, அது."

"சிரிக்கிறானா? எங்கடி சிரிக்கிறான்? அழறதுக்கு முன்னாடி மூச்ச இழுக்குறான்."

"இல்லக்கா, சிரிக்கிறான்."

ஓட்டிப் பார்த்தோம். திரும்ப ஓட்டினோம். அக்கா ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி, அவன் வாயோரத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். எனக்கு அது அப்போதும் சிரிப்பாகத்தான் தெரிந்தது. நான் நினைப்பது தவறாக இருக்கலாம். "ஒண்ணரை வருஷமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா" என்று முணுமுணுத்தாள். ஆனால் அந்த இடத்தில் குறி வைத்துக்கொண்டாள். அவன் முதுகைத் திருப்பும் இடம் ஒன்று இருந்தது. 'அவ போயிட்டா' என்பதை டப்பிங்கில் அங்கே போட்டுவிடலாம், வாயசைவு தெரியாது, முகமும் கெடாது என்றாள்.

பிறகு முதல் மூன்று மூலைகளையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள்.