இரைச்சல் பொத்தான்

அக்காவுக்குக் காதுதான் சோறு போட்டது. பேங்க், டாக்சி கம்பெனி என்று பல இடங்களுக்கு ஆட்கள் போனில் பேசிய பதிவுகளைக் கேட்டு, பேசியதை அப்படியே கம்ப்யூட்டரில் அடிக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மெஷின் பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகும். இனி உலகத்தில் பொத்தானே இருக்காது, பேங்க், ஆஸ்பத்திரி, டாக்சி எல்லாம் வாயாலேயே நடக்கும், எல்லோரும் நம் வாசலில்தான் வந்து நிற்கப்போகிறார்கள் என்று முதலாளி ஓயாமல் அளந்துகொண்டிருந்தார். மனிதர் லிஃப்டுக்கு மட்டும் இன்னும் பொத்தானைத்தான் அமுக்கினார்.

எல்லோர் பேச்சும் வழவழவென்று வந்துவிடுமா என்ன? திக்குகிறவர்கள், பக்கவாதத்தில் நாக்கு குழறுகிறவர்கள் பேசிய ஒரு வரியை அடித்து முடிப்பதற்குள் பக்கத்து சீட்டுக்காரி எங்கோ போயிருப்பாள். திரையின் ஓரத்தில் 'இரைச்சல்' என்றொரு பொத்தான் இருந்தது. ஹாரன் சத்தமோ நாய் குரைப்போ வந்தால் அதை அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். யார் ஆரம்பித்து வைத்தார்களோ, திக்குகிற குரல்களையும் எல்லோரும் அதிலேயே தள்ளினார்கள். அக்காவும் தள்ளினாள். கஷ்டமான குரல்கள் கழிந்துபோனதால் மெஷின் பரீட்சையில் மார்க்கை அள்ளியது. அந்த மார்க்கைக் காட்டியே முதலாளி அதை ஒரு டாக்சி கம்பெனியின் தலையில் கட்டினார்.

அவள் தம்பி அந்தக் கம்பெனியில்தான் கார் ஓட்டினான். இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று போனிடம் வாயால் சொன்னால்தான் சவாரி. அவனுக்குத் திக்குவாய். அவன் முதல் வார்த்தையை முடிப்பதற்குள் மெஷின் "குரல் கேட்கவில்லை" என்று துண்டித்துவிடும். சவாரி நின்றுபோனது. இந்த மாதத்துக்குள் பழகாதவர்களை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

அக்கா தன் ஆபீஸ் மேற்பார்வையாளரிடம் போனாள். தள்ளிய குரல்களைத் திரும்ப எடுத்து அடிக்கலாம் என்றாள். விற்ற சரக்கைப் பற்றி இப்போது வாயைத் திறந்தால் எல்லோர் பிழைப்பிலும் மண்தான் என்று அவர் கதவைக் காட்டினார்.

அன்று மாலை தம்பி வீட்டு வாசலில் காரை நிறுத்தி, உள்ளே உட்கார்ந்தபடி தெருப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. அக்கா பக்கத்தில் ஏறி உட்கார்ந்ததும் சிரித்தான்.

"என் மேலதான்கா தப்பு. நிதானமா பேசினா அதுக்குப் புரியும் போல. நீ அந்த வேலையிலதானே இருக்க, எப்படிப் பேசணும்னு சொல்லிக்குடேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"உன் தப்பு இல்லடா. திக்கிப் பேசறவங்களை எல்லாம் இரைச்சல்னு தள்ளிட்டோம். அதான் அதுக்கு உன் பேச்சு தெரியல. நானும்தான் தள்ளினேன்."

அவன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"என் குரல் வந்துச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளால் முடியவில்லை.

"வந்துச்சு. உன் குரல்னு தெரிஞ்சுதான் அமுக்கினேன். அன்னைக்கு வேலை குவிஞ்சு கிடந்தது."

சின்ன வயதிலிருந்து அவனுக்கு ஊர் உலகத்தில் எல்லோரிடமும் திக்கும். அக்காவிடம் மட்டும் ஒருநாளும் திக்கியதில்லை. இப்போது அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். முதல் எழுத்திலேயே நின்றது. தாடை இழுத்தது, கண் கலங்கியது. அவள் அசையாமல் காத்திருந்தாள். வார்த்தை வரவே இல்லை.