ஐந்நூறு குடும்பங்கள், இலவச மாதிரி

எங்கள் நிறுவனத்தில் சட்டம் தெரிந்த ஆள் நான்தான். எவ்வளவு தெரியும் என்றால், ஒமாஹாவில் செவ்வாய், வியாழன் மாலைகளில் நடக்கும் சட்ட உதவியாளர் வகுப்பில் அப்போது மூன்று பாடம் முடிந்திருந்தது. மூன்றாவது பாடத்துக்கு நான் தாமதமாகப் போனேன். அதையும் சேர்த்துத்தான் மூன்று.

நாங்கள் விற்பது பெயர்கள். பல் மருத்துவருக்கும் தரைவிரிப்புக் கடைக்கும் நடுவே ஒரு கட்டடம், பதினொரு பேர். யார் எங்கே குடியிருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், என்ன நோய்க்கு மருந்து தேடினார்கள், அவர்களுடைய போன் பகலெல்லாம் எந்த இடத்தில் கிடக்கிறது என்று பல கைகளிலிருந்து வாங்கி, சலித்து, பட்டியலாக்கி விற்போம். ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு செல்லப்பெயர் உண்டு. ‘புதுத் தாத்தாக்கள்’, ‘நாய்க்குக் கணக்குப் பார்க்காதவர்கள்’. எப்போதும் விலைபோவது ‘சீருடைக் குடும்பங்கள்: பணமுடை’. ஊருக்குத் தெற்கே இருக்கும் விமானப்படைத் தளத்திலும் நாடு முழுக்க அதுபோன்ற தளங்களிலும் வேலை செய்பவர்களின் வீடுகள், அவற்றிலும் கடன் அட்டைத் தவணை தவறியவை. முப்பத்தெட்டாயிரம் வீடுகள். கார்க் கடன் கொடுப்பவர்கள் விரும்பி வாங்குவார்கள்.

அப்போதுதான் அந்தச் சட்டம் வந்தது. எதிரி என்று அரசு பட்டியல் போட்டிருக்கும் நாடுகளுக்கோ, அவற்றின் பிடியில் இருக்கும் நிறுவனங்களுக்கோ நம் மக்களின் அந்தரங்கத் தகவலை விற்கக் கூடாது. முதலாளி டுவேன் பெக்மன் என் மேசைக்கு வந்தார்.

“ட்ரூடி, நீ சாயங்கால வகுப்புல சட்டம்தானே படிக்கிற?”

“சட்ட உதவியாளர் படிப்பு, டுவேன். சட்டம் இல்ல.”

“அப்போ உதவி பண்ணு.”

இப்படித்தான் நான், விற்பனை சட்டப்படி நடக்கிறதா என்று பார்க்கும் இணக்க அலுவலர் ஆனேன். சட்டத்தை நான்கு முறை படித்தேன், மூன்று நிறப் பேனாவில் அடிக்கோடு போட்டேன். நான்காவது முறை முடித்தபோது அடிக்கோடு போடாத வரி ஒன்றுகூட மிச்சமில்லை. பிறகு வாங்குபவர்கள் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்றைத் தயாரித்தேன். இருபத்துமூன்று கேள்விகள். ஒன்பதாவது கேள்விக்கு மட்டும் ஒரு முழு நாள் செலவானது: ‘நீங்கள் ஒரு வெளிநாட்டு அரசா? ஆம் / இல்லை.’ முதலில் ‘தெரியாது’ என்றும் ஒரு கட்டம் வைத்திருந்தேன். அரசாங்கங்களைக் கேலி செய்வதுபோல் இருக்குமோ என்று எடுத்துவிட்டேன்.

லோரெட்டா அதைப் படித்தார். இருபத்தாறு வருடமாகப் பட்டியல் விற்பவர். முகவரிகளை ஒட்டுச்சீட்டில் அச்சடித்து மூட்டையாகக் கட்டி அனுப்பிய காலத்து ஆள்.

“கண்ணு, ஒரு உளவாளி இந்தக் கேள்வியப் பாத்துட்டு, ஐயோ மாட்டிக்கிட்டோமேன்னு ‘ஆம்’ல டிக் போடுவான்னு நினைக்கிறியா?”

“பொய் சொன்னா அது தனிக் குற்றம், லோரெட்டா.”

“அப்படியா? அப்போ சரி, பயந்துடுவான்.”

அக்டோபரில் கிரஹாம் என்று ஒருவர் சீருடைப் பட்டியலைக் கேட்டு எழுதினார். உள்நாட்டிலேயே, டெலாவேர் மாநிலத்தில் பதிவான ஆய்வு நிறுவனம். எங்கள் தொழிலில் விற்பதற்கு முன்னால் மாதிரி அனுப்புவது வழக்கம். ஐந்நூறு வரிகள், இலவசம். அதைத் தட்டிப் பார்த்து, முகவரி சரியா, போன் அடிக்கிறதா என்று தெரிந்துகொண்டு வாங்குவார்கள். மாதிரி விற்பனை இல்லை என்பதால் அதை யாரும் சோதிப்பதில்லை. நான் எழுதிய ஏழு பக்க நடைமுறையிலும் முதல் படி ‘மாதிரியை அனுப்புக’. இரண்டாவது படி ‘படிவத்தை அனுப்புக’. அந்த வரிசையை நானே எழுதி, அழகாக எண் போட்டு, இரண்டு முறை சரிபார்த்திருந்தேன்.

ஆக, செவ்வாய்க்கிழமை காலை ஐந்நூறு குடும்பங்களை கிரஹாமுக்கு நான் அனுப்பினேன். பிறகு படிவத்தை அனுப்பினேன். அன்று மாலையே நிரம்பி வந்தது. இருபத்துமூன்றும் சரி. கீழே ஒரு வரி: ‘மிகத் தெளிவான படிவம், பாராட்டுகள்.’ அதை அச்சிட்டுச் சுவரில் குத்தினேன். என் வேலையை அலுவலகத்தில் எழுத்தில் பாராட்டிய முதல் ஆள் அவர்.

முழுப் பட்டியல் வெள்ளிக்கிழமை நண்பகலில் போக வேண்டும். என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

புதன்கிழமை மதியம் லோரெட்டா வீட்டிலிருந்து இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பு கொண்டுவந்திருந்தார், கூடவே இலவங்கப்பட்டை ரோல். ரோலைச் சில்லியில் தோய்த்து வாயில் வைத்த நேரம் என் இரண்டாவது போனில் செய்தி ஒன்று வந்தது. அந்த எண் என் சொந்தக்காரர்கள் யாருக்கும் தெரியாது. அது ஆலிவ் டன்ஸ்டாலின் எண்.

ஆலிவ் என்று ஒருத்தி இல்லை. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பட்டியலிலும் ஒரு பொய்ப் பெயரை விதைத்துவைப்போம், வாங்கியவர் அதை வேறு யாருக்காவது கைமாற்றினால் பிடிப்பதற்காக. ஒரு பெயர் ஒரே ஒரு வாங்குபவருக்குத்தான். விதைகளைக் கவனிப்பது என் பொறுப்பு என்பதால் எல்லாரையும் என் வீட்டு முகவரியிலேயே குடிவைத்திருக்கிறேன். ஒரு படுக்கையறை வீட்டில் நாற்பத்திரண்டு பேர். கிரஹாமின் மாதிரியில் மட்டும் இருந்தவள் ஆலிவ்: வயது முப்பத்தொன்று, கணவன் தளத்தில், இரண்டு தவணை பாக்கி.

செய்தி இப்படி இருந்தது: ‘அன்புள்ள ஆலிவ், ராணுவக் குடும்பங்களின் வாழ்க்கை குறித்து ஆராய்கிறோம். உங்களைப் போன்ற அனுபவமுள்ள பெண்களின் பார்வை எங்களுக்கு மிக முக்கியம். கணவரின் பணி நேரம், வெளியூர்ப் பயணங்கள் பற்றி வீட்டிலிருந்தபடியே எழுதினால் போதும். நல்ல சன்மானம் உண்டு.’

என் பார்வை முக்கியம் என்று யாராவது எழுதமாட்டார்களா என்று ஒரு கணம் ஏங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை. பிறகு ஆலிவாக ஒரு வரி பதில் போட்டேன்: ‘பணம் யார் தருவார்கள்?’

பத்து நிமிடத்தில் மரியாதையாகப் பதில் வந்தது, ஒரு வெளிநாட்டு ஆய்வுக் கழகத்தின் பெயரோடு. அந்தக் கழகத்தின் இணையப் பக்கத்தில் முதல் பத்தியிலேயே பெருமையாகப் போட்டிருந்தார்கள், எந்த அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறோம் என்று. அந்த நாடு எதிரிப் பட்டியலில் இருந்தது. என் இருபத்துமூன்று கேள்விகளுக்குக் கிடைக்காத பதில், இல்லாத ஒரு பெண் கேட்ட ஒரு கேள்விக்குக் கிடைத்துவிட்டது.

ஒரு போனில் செய்திகளையும் இன்னொன்றில் அந்தக் கழகத்தின் பக்கத்தையும் டுவேனிடம் காட்டினேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. குளிர்காலத்தில் எல்லார் காரிலும் பனியைச் சுரண்டிவிடுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“சரி. நீ கையெழுத்துப் போடாத.”

எனக்கு உயிர் வந்தது.

“டாம்பாவில நம்ம கூட்டாளி ஒருத்தன் இருக்கான். முழுப் பட்டியலையும் அவனுக்கு வித்துடுவோம். அவன் அமெரிக்கன், சுத்தமான ஆளு. அப்புறம் அவன் கிரஹாமுக்குக் குடுத்தா நமக்கென்ன வந்தது?”

“டுவேன், அது யாருக்குப் போகுதுன்னு இப்போ நமக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரியும். நான் கண்ணாடி இல்லாமப் படிச்சேன்.”

“போட்டுட்டுத்தான் படிச்சீங்க.”

“ட்ரூடி, வெளிநாட்டுக்காரனுக்கு விக்காதேன்னுதானே சட்டம்? டாம்பா எப்போ வெளிநாடு ஆச்சு?”

வெளியே வந்து லோரெட்டாவிடம் சொன்னேன்.

“நீ கையெழுத்துப் போடலைனாலும் வெள்ளிக்கிழமை அந்த முப்பத்தெட்டாயிரமும் போகத்தான் போகுது” என்றார். “நிறுத்தணும்னா வாஷிங்டனுக்கு எழுதணும். ஆனா எழுதினா, முதல்ல மாட்டுறது யாரு? மாதிரி அனுப்பினது யாரு கண்ணு?”

“நான்.”

“அதான் கேட்டேன்.”

மறுநாள் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் காரில் உட்கார்ந்து புகார் எழுதினேன். முதல் வரைவில் ‘மாதிரி அனுப்பப்பட்டது’ என்று போட்டேன். ஏதோ ஒரு காற்று வந்து அனுப்பியதுபோல் இருந்தது. இரண்டாவதில் ‘நிறுவனம் அனுப்பியது’. மூன்றாவதில், வகுப்பில் படித்த மூன்று பாடத்தையும் பயன்படுத்தி, இலவசமாகக் கொடுத்தது விற்பனை ஆகுமா என்று ஒரு பக்கம் வாதாடினேன். படித்துப் பார்த்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்தது. சாண்ட்விச் காய்ந்துபோனது. தளத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று மேலே போனது. அதை ஓட்டுபவரின் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று எங்கள் பட்டியலில் இருக்கும் என்று தோன்றியது. நான்காவது வரைவில் ‘நான் அனுப்பினேன்’ என்று ஆரம்பித்தேன். அதன்பிறகு மொத்தமும் அரைப் பக்கம்தான் வந்தது. செய்திகளின் படங்களை இணைத்து அனுப்பிவிட்டு, தைரியம் போய்விடுவதற்குள் டுவேன் அறைக்கு நடந்தேன்.

“புகார் எழுதிட்டேன். டாம்பா பத்தியும் எழுதியிருக்கேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“உன் பேரும் போட்டியா?”

“என் பேருதான் முதல் வரி.”

“முட்டாளா நீ?”

“அதை இன்னும் யோசிச்சுட்டுதான் இருக்கேன், டுவேன்.”

“வெளிய போ. கதவைச் சாத்திட்டுப் போ.” சாத்தப் போனபோது சொன்னார்: “டாம்பாவுக்கு இப்போ நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு போன் பண்றது?”

போன் செய்தார். கதவு வழியே கேட்டது. இல்லை, போகாது, நிறுத்தியாச்சு, காரணம் கேட்காதே.

வெள்ளிக்கிழமை காலை வாஷிங்டனிலிருந்து ஓர் அதிகாரி பேசினார். தூக்கம் கெட்ட குரல். பட்டியல் இருந்த இடத்தை விட்டு நகரக் கூடாது என்றார். மாதிரியில் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார்.

“ஐந்நூறு. ஒருத்தி பொய். நானூத்துத் தொண்ணூத்தொன்பது பேர் நிஜம்.”

“அவங்களுக்கு விஷயம் தெரியுமா?”

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. ஏழு பக்க நடைமுறையில் அதற்கு ஒரு படிகூடக் கிடையாது.

என் மேல் என்ன நடவடிக்கை என்று பிறகு சொல்வதாகச் சொல்லி அவர் வைத்துவிட்டார். அந்தக் குடும்பங்களுக்கு விஷயத்தைச் சொல்லிக் கடிதம் அனுப்ப டுவேன் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: “யார் அனுப்பினாங்களோ அவங்க கையெழுத்து, அவங்க போன் நம்பர்.” நியாயம்தான். மூன்று நாள் எழுதினேன். லோரெட்டா உறையில் போட்டு ஒட்டித் தந்தார். பழைய வேகம், என் கண்ணுக்கு அவர் கை தெரியவில்லை.

அடுத்த வாரம் முதல் அழைப்பு வந்தது. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடியது, ஒரு குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது.

“டானெல் ஃப்ரீஸ் பேசறேன். லெட்டர்ல ட்ரூடி வோன்ட்ரான்னு கையெழுத்து இருக்கே, நீங்கதானா?”

“நான்தான், மேடம்.”

“நீங்கதான் எங்களை வித்ததா?”

“விக்கல. மாதிரியாக் குடுத்தேன். இலவசமா.”

“இலவசமாவா? நாங்க அஞ்சு டாலர்கூடப் பெறமாட்டோமா?”

மன்னிப்புக் கேட்டேன். கடிதத்தில் ஏற்கெனவே நான்கு இடத்தில் கேட்டிருந்தேன்.

“எனக்கும் அந்த மெசேஜ் வந்துச்சு. ‘உங்கள் பார்வை முக்கியம்’னு. வீட்டுக்காரர் ஆறு மாசமா வெளிய டூட்டில இருக்கார். பதில் எழுத உக்காந்தேன். பாதி எழுதிட்டேன். உங்க லெட்டர் வந்துதான் நிறுத்தினேன்.” குழாய் நின்றது. “அந்த நாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் எங்க பேரைக் குடுக்கக் கூடாதா?”

“ஆமா. சட்டம் அவ்வளவுதான்.”

“மத்தவங்களுக்கு?”

“குடுக்கலாம்.”

“குடுத்திருக்கீங்களா?”

“குடுத்திருக்கோம்.”

“யாருக்கு?”

அதைச் சொல்லலாமா என்று நடைமுறையில் தேடினேன். சொல் என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை. அவருடைய பெயரைக் கணினியில் தட்டினேன். அவரை எங்களிடம் வாங்கியவர்களின் பெயர்களால் திரை நிரம்பி, கீழே இன்னும் போய்க்கொண்டே இருந்தது. எல்லாம் உள்நாடு, எல்லாம் சட்டப்படி.

“கொஞ்சம் நீளமா இருக்கு, மேடம்.”

“பரவால்ல. பாப்பா இப்போதைக்குச் சாப்பிட்டு முடிக்கமாட்டா. படிங்க.”

முதல் பெயரிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது பெயருக்கு அவர் “ம்” என்றார். பன்னிரண்டாவதுக்கு, “அடப்பாவிங்களா, அதான் தினமும் போன் பண்றாங்களா!” என்றார். டுவேன் தன் அறைக் கதவில் வந்து நின்று பார்த்தார். நான் படித்துக்கொண்டே இருந்தேன்.