மரியதாஸ் எழுதிய கடிதத்தின் கடைசி வரி

1

இந்தக் கதை ஒரே ஒரு வரியிலிருந்து பிறந்தது. அந்த வரி எழுதப்பட்டதா இல்லையா என்பது எனக்கே தெரியாது. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

‘பாகூர் ஏரி நிரம்பி வழிந்த ஐப்பசியில்...’ என்று தொடங்கிப் பார்த்தேன். ஏரிக்கு இதில் வேலை இல்லை. அடித்துவிட்டேன்.

2

1931. சின்னபொண்ணுவின் புருஷன் மணவாளன் சைகோனுக்குக் கப்பலேறினான். மாதாமாதம் பதினைந்து ரூபாய் வந்தது. கப்பலேறியவன் சம்பளத்தில் கால் பங்கைத்தான் வீட்டுக்கு அனுப்புவான் என்பது ஊர்க்கணக்கு. ஆகவே அவனுக்கு அறுபது ரூபாய் சம்பளம் என்று ஊரே தீர்மானித்தது. “மீதிக் காசுல அங்க இன்னொரு வூட்டு அடுப்பு எரியுதுடி” என்று நடவு வயலில் பெண்கள் சிரித்தார்கள்.

அந்த வருஷமே ஒரு நாள் அவள் சேற்றுக் காலோடு மரியதாஸிடம் போனாள். மிஷன் பள்ளியில் படித்தவர். எழுதத் தெரியாதவர்களுக்குக் காசு வாங்காமல் கடிதம் எழுதித் தருவார். கடைசியாக அவள் சொன்னது இது:

“பதினஞ்சு ரூபாதான்னா உள்ளூர்லயே மாடு மேய்ச்சிருக்கலாமே. இன்னாத்துக்குக் கப்பல் ஏறின, கேட்டு எழுதுண்ணே.”

அதன் பிறகும் பணம் தவறாமல் வந்தது. கடிதம் மட்டும் நின்றுபோனது.

3

(மணவாளனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாக முடிந்துவிடும். ‘அங்கே அவனுக்கு ஒரு...’ என்று இரண்டு முறை எழுதினேன். மேலே போக மனம் வரவில்லை.)

ஏழு வருஷம் கழித்து, அதே ஊர்த் தங்கவேல் சைகோனிலிருந்து திரும்பினான். முதல் இரண்டு வருஷம் மணவாளன் ஒரு பால்காரரின் கொட்டகையில் மாடு பார்த்தான் என்று சொன்னான்.

“சம்பளமே பதினஞ்சுதாம்மா. அப்பிடியே ஒனக்கு அனுப்பிடுவான். அவனுக்குக் கோயில் சோறு.”

இப்போது மணவாளன் ஒரு கிடங்கில் மேஸ்திரி. அறுபது ரூபாய் சம்பளம். அனுப்புவது அதே பதினைந்து. ஊர்க்கணக்கு இப்போதுதான் மெய்யாகியிருக்கிறது.

4

சின்னபொண்ணு நேரே மரியதாஸ் வீட்டுக்குப் போனாள்.

“மாடு மேய்க்கறதப் பத்திச் சொன்னேனே, அதயும் எழுதினியாண்ணே?”

எழுதவில்லை என்று அவர் சொன்னால் அவள் மனம் ஆறும். ஆனால் மணவாளன் ஏன் வாய் மூடிப்போனான்? (இந்த ஓட்டையை அடைக்க எனக்குத் தெரியவில்லை.) எழுதினேன் என்றால் உடைந்துபோவாள், ஆனால் இன்றே மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதச் சொல்வாள். எழுதிவிட்டு, இல்லை என்றும் அவர் சொல்லலாம். பொய் பாவம் என்று நம்புகிறவன் நான். ஆனாலும் இந்த முடிவைத்தான் வெகுநாள் கையில் வைத்திருந்தேன்.*

பதிலை உங்களிடம் விடுகிறேன். சொல்வதற்கு முன், வாசலில் நிற்கிறவளை உட்காரச் சொல்லுங்கள். அன்று சேற்றுக் காலோடு வந்தவளை உட்காரவைத்து எழுத எனக்குத் தோன்றவில்லை. உட்கார்ந்திருந்தால் அந்த வரியைச் சொல்லியிருக்க மாட்டாளோ என்னவோ.

* நம் பிரார்த்தனைகளில் சில வரிகளை விட்டுவிட்டுத்தான் கடவுள் கேட்கிறார் என்பது என் நம்பிக்கை.