யாரும் என்னைத் தேட வேண்டாம்

வெல்டரின் மச்சினன் ஊரையே கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் மௌனத்துக்குப் போனான்.

கறுப்புப் பின்னணி, அதில் வெள்ளை எழுத்து. 'மன அமைதிக்காகவும் உடல் நலனுக்காகவும் முப்பது நாட்கள் சமூக ஊடகங்களிலிருந்து விலகி இருக்கிறேன். யாரும் என்னைத் தேட வேண்டாம்.' அடியில் ரெண்டு கும்பிடு, ஒரு பூ, ஒரு புறா.

எழுத்துக்கூட்டி இதைப் படித்து முடிக்க வெல்டருக்கு நாலு தடவை ஸ்டேட்டஸைத் திறக்க வேண்டியிருந்தது. நிறுத்தி வைக்கத் தெரியாது, அது பாட்டுக்கு ஓடிவிடும். கடைசி வரியைப் படித்ததும் ஃபிரிட்ஜைப் பார்த்துக் கேட்டார்:

"இவரை இங்க யாரு தேடினா?"

ஃபிரிட்ஜ் மேல்தான் மகளுடைய போன் சார்ஜில் கிடக்கும். அவள் துணிக் கம்பெனியில் ரெண்டாவது ஷிஃப்ட் பார்த்துவிட்டு வருகிறவள். எட்டு மணிக்கு முன்னால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டாள். வெல்டர் அஞ்சரைக்கே எழுந்து முகம் கழுவி, திருட்டுப் பூனை மாதிரி அதை எடுப்பார். புள்ளிகளை இணைத்து எப்படிக் கோடு போட்டால் திறக்கும் என்பதை அவள் விரல் போகிற வழியைப் பார்த்தே பிடித்துவிட்டார். தன் சட்டைப் பையில் இருப்பது பட்டன் போன். "நமக்கு இதுவே அதிகம். மத்ததெல்லாம் வேலையத்தவனுக்கு" என்று பட்டறையில் கேட்டவனிடமும் கேட்காதவனிடமும் சொல்லுவார்.

ஆனால் மூணு வருஷமாக மச்சினன் மூஞ்சியில்தான் அவருக்குப் பொழுது விடிந்தது. ஃபேன் ரிப்பேர் செய்கிறவன் கூலிங் கிளாஸ் போட்டு நிற்பான். எவனோ ஒருத்தன் காரில் சாய்ந்து நிற்பான். 'உழைப்பே உயர்வு' என்று எழுதி அடியில் தான் தூங்குகிற படத்தைப் போடுவான். வெல்டர் ஒவ்வொன்றையும் பார்த்து, "தொப்பையைப் பாரு, சட்டை பட்டன் அழுவுது" என்று வாயாரத் திட்டிவிட்டு, போனை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் தெம்பாக வேலைக்குக் கிளம்புவார்.

பேச்சு வார்த்தை நின்றது ஒரு இரும்பு கேட்டால். மச்சினன் புது வீட்டுக்கு வெல்டர் ராப்பகலாக நின்று அடித்துக் கொடுத்த கேட். கிரகப்பிரவேசத்துக்கு வந்த சனத்துக்கு முன்னால் அவன் சிரித்துக்கொண்டே, "அத்தான், ஒரு பக்கம் இறங்கியிருக்கே" என்றான். நாற்பது வருஷம் ராடு பிடித்த கையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? சுவர் கோணல் என்றார் இவர். கேட்தான் கோணல் என்றான் அவன். "இனி அவனா வந்து பேசற வரைக்கும் நான் வாயைத் திறந்தா பாரு" என்று அன்றைக்குச் சொன்னவர்தான். பொண்டாட்டி உயிரோடு இருந்திருந்தால் புருஷனையும் தம்பியையும் நாலு போடு போட்டு ஒரே நாளில் சேர்த்து வைத்திருப்பாள். அவள் அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இப்போது முப்பது நாள் லீவாம். அமைதி வேண்டும் என்கிறவன் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டியதுதானே. பத்திரிகை அடித்துக் கொடுத்துவிட்டா அமைதிக்குப் போவார்கள்? வெல்டருக்குச் சிரிப்பாக வந்தது. ரெண்டு நாள்கூடத் தாங்க மாட்டான் என்று நினைத்தார்.

ரெண்டு நாள் ஆயிற்று, மூணு நாள் ஆயிற்று. ஒன்றும் காணோம். மற்றவர்கள் போட்டதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். மகளோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி தன் காலை மட்டும் படம் பிடித்துப் போட்டிருந்தாள். செருப்புக் கடைக்காரன்கூட அப்படிப் போட மாட்டான். இன்னொருத்தன் பூனை கொட்டாவி விட்டது. திட்டலாம்தான். ஆனால் ருசிக்கவில்லை.

நாலாம் நாள் பட்டறையில் ராடு பிடித்துப் பற்று வைக்கும்போதுதான் அது ஞாபகம் வந்தது. அறிவிப்புக்கு முந்தின நாள் படத்தில் மச்சினன் டீ கிளாஸைத் தூக்கிப் பிடித்திருந்தான். முழங்கையின் உள்பக்கம் ஒரு பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டர். அன்றைக்கு வெல்டர் அவன் மீசை மையைப் பார்த்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். இப்போது திரும்பப் பார்க்கலாமென்றால் படம் அழிந்துபோயிருந்தது. பஞ்சு மட்டும் கண்ணுக்குள் வளர்ந்துகொண்டே போனது. அவர் மனைவிக்கும் அப்படி ஒரு பஞ்சில்தான் ஆரம்பித்தது.

மறுநாள் காலையில் மகள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது வாசல் பக்கம் பார்த்தபடி கேட்டார்.

"உன் மாமன் இருக்கானா, போய்ச் சேந்துட்டானா?"

"எதுக்குப்பா காலங்காத்தால?"

"எனக்கென்ன வந்தது? பட்டறையில கேட்டாங்க."

"பட்டறையில மாமாவை யாருக்குத் தெரியும்?" அவள் வாயைக் கொப்பளித்தாள். "முப்பது நாள் ரெஸ்ட்டுன்னு போட்டிருந்தாரு. நானும் நேத்து ரெண்டு தடவை அடிச்சேன், எடுக்கல. அத்தையும் பொண்ணோட பிரசவத்துக்குப் போயிட்டாங்க. ஞாயித்துக்கிழமை போய்ப் பாத்துட்டு வரேன்."

"எடுக்கலையா?"

"எடுக்கல. ஏம்ப்பா, உங்களுக்கு வேணும்னா நீங்க போய்ப் பாருங்களேன்."

"நானா? அவன் வாசலையா? என் பொணம்கூட அந்தப் பக்கம் போகாது."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பத்து மணிக்கெல்லாம் பிணம் ரெண்டு பஸ் மாறி அந்தப் பக்கம் போய் இறங்கியது.

மச்சினன் கடைக்கு நேர் எதிரே ஒரு மருந்துக்கடை. வெல்டர் முதுகைத் தெருவுக்குக் காட்டி நின்றுகொண்டு தைலம் கேட்டார். எந்தத் தைலம் என்று மருந்துக்கடைக்காரர் நாலு வகை எடுத்து வைத்தார். இவர் ஒவ்வொன்றாக மோந்து பார்க்கிற சாக்கில் கண்ணாடி அலமாரியில் தெரிந்த எதிர்க்கடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது. உள்ளே கழற்றிப் போட்ட ஃபேனுக்கு நடுவில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. அழுகிற பட்டனைக் காணோம்.

"அத்தான்!" தெருவைத் தாண்டிக் குரல் வந்தது. "தைலம் வாங்கறதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தீங்க? உங்க பக்கம் தலைவலியே கிடையாதா?"

முதலில் பேசியது அவன்தான். வெல்டர் அதை மனசில் கெட்டியாகக் குறித்துக்கொண்டார். கையில் கிடைத்த தைலப் புட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தெருவைத் தாண்டினார்.

"என்னடா, அமைதி கிடைச்சுதா?"

மச்சினன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "அதை நீங்க எங்க பாத்தீங்க? உங்ககிட்ட பட்டன் போன்தானே?"

வெல்டர் தைலப் புட்டியின் மூடியைத் திருகினார்.

"அத்தான், யார் யார் எத்தனை மணிக்குப் பாத்தாங்கன்னு போட்டவனுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதா? மூணு வருஷமா காலையில அஞ்சே முக்காலுக்கு உங்க பொண்ணு பாக்கறா. எட்டு மணி வரைக்கும் தூங்கற பொண்ணு!"

"அவ... சில நாள் சீக்கிரம் எழுந்துப்பா."

"மூணு வருஷமாவா?" மச்சினனுக்கு மூச்சு வாங்கியது. "முதல்ல எனக்கு சந்தோஷமாத்தான் இருந்தது. இன்னிக்கு ஒரு வார்த்தை சொல்வீங்க, நாளைக்குச் சொல்வீங்கன்னு பாத்தேன். கூலிங் கிளாஸ் போட்டேன், கார்ல சாஞ்சேன். திட்டவாவது திட்டுவீங்கன்னுதான். ஒண்ணும் கிடையாது. பாக்கறது, போயிடறது. அஞ்சே முக்கால் ஆச்சா, பாத்துட்டாரான்னு எடுத்து எடுத்துப் பாக்கறதே எனக்குப் பொழப்பாப் போச்சு. பிரஷர் நூத்தி எண்பது. எது மனசை அரிக்குதோ அதை முப்பது நாள் தள்ளி வைங்கன்னாரு டாக்டர். தள்ளி வெச்சேன்."

"அப்போ ஊரை விட்டு ஒதுங்கல. என்னை விட்டு ஒதுங்கியிருக்கே."

"ஆமாம்."

"அதுக்கு எதுக்குடா புறா?"

"அதை வைக்கலைன்னா உங்களுக்குன்னு தெரிஞ்சுபோயிடுமே!"

வெல்டருக்குக் கோபம் வந்தது. மூணு வருஷமாகத் தான் ஒளிந்திருந்து இவனை வேடிக்கை பார்ப்பதாக நினைத்திருந்தார். இவன் என்னடாவென்றால் அவரையே உட்கார வைத்து வேடிக்கை காட்டியிருக்கிறான்.

"கேட் கோணல்னு சொன்னே இல்ல?"

"இன்னிக்கும் சொல்லுவேன். கோணல்தான்."

"சுவருடா!"

"சரி, சுவரு. கத்தாதீங்க, எனக்குப் படபடன்னு வருது."

அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டான். வெல்டர் குரலை இறக்கிக்கொண்டார். சண்டை போடத் தெரியும், ஏச்சுப்பேச்சு தெரியும். கேட்க வந்ததைக் கேட்கத்தான் நாக்கு எழவில்லை. தைலப் புட்டியை உருட்டிக்கொண்டே, தரையைப் பார்த்துக் கேட்டார்.

"உடம்புக்கு என்ன?"

"ரத்தத்துல ஏதோ கூட இருக்காம். வியாழக்கிழமை குழாய் விட்டுப் பாக்கணும்ங்கறாங்க, நெஞ்சுக்கு. கூட ஒரு ஆளு வந்து கையெழுத்துப் போடணுமாம்."

"யாரு வரா?"

மச்சினன் ஃபேன் றெக்கையைத் துடைத்தான்.

"உன் பொண்டாட்டிக்குச் சொன்னியா?"

"பச்சைப் புள்ளையை விட்டுட்டு ஓடி வருவா. சொல்லல."

"போனுக்குள்ள நானூறு பேரை வெச்சிருக்கே. நீ தும்மினா பூ அனுப்பறாங்க. கையெழுத்துப் போட ஒருத்தன் சிக்கலையா? தூ!"

"ரெண்டு பேரைக் கேட்டேன். ஒருத்தன் கும்பிடு அனுப்பினான்."

"இன்னொருத்தன்?"

"அவனும் கும்பிடுதான்."

"எத்தனை மணிக்கு?"

"ஏழரைக்கு. ஆனா மூணு மணி நேரம் வெளியிலயே உக்காந்திருக்கணும் அத்தான். உங்களுக்குப் பட்டறை இருக்கு, போரடிக்கும்."

"நீ உள்ள போயிட்டா எனக்கென்ன போரு? உன் மூஞ்சியைப் பாக்காம மூணு மணி நேரம்! எனக்கும் ரெஸ்ட்டு வேணாமா?"

மச்சினன் சிரிக்கப் பார்த்தான், இருமல்தான் வந்தது. காலால் ஒரு இரும்பு ஸ்டூலை அவர் பக்கம் தள்ளினான். வெல்டர் உடனே உட்காரவில்லை. ஸ்டூலைக் கவிழ்த்து ஒரு காலை ஆட்டிப் பார்த்தார். வெல்டிங் பற்று விட்டு ஆடியது.

"எவன்டா வெச்சான் இந்தப் பத்தை? கையா அது, காலா?" என்று திட்டிக்கொண்டே ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்தார்.