தேயிலை விலை ஏறும் வரைக்கும்

இலங்கை மலைநாட்டின் பசறைக் கடைவீதியில் புடவைக்கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளிக்கு வியாபாரத்தை விட உலக நடப்பில்தான் பிடிப்பு அதிகம். பத்திரிகையை வரி விடாமல் வாசிப்பார். ரேடியோவில் செய்தி ஓடும்போது யாராவது துணி விலை கேட்டால் கையமர்த்துவார். அரபு நாட்டுச் சண்டைக்கும் மண்ணெண்ணெய் விலைக்கும் என்ன தொடர்பு, ரஷ்யாக்காரன் அமெரிக்கக் கோதுமையை அள்ளிக்கொண்டு போனதால் இங்கே பாண் ரொட்டிக்கு ஏன் வரிசை நிற்கிறது என்றெல்லாம் அவர் விளக்கும்போது கேட்பவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருக்கும்.

அப்படிக் கேட்பவர்களில் அழகையா ஒருவன். மேலே தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். ஞாயிற்றுக்கிழமை பசறைக்கு இறங்கினால், துணி வாங்காவிட்டாலும் கடைப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவான்.

எழுபத்து நாலாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் அவன் வேறு முகத்தோடு வந்தான்.

"மொதலாளி, ரெண்டு நாட்டு ஒப்பந்தப்படி எங்களுக்கு இந்தியா பாஸ்போட்டு வந்திருச்சுங்க. வீட்டுல அங்கம்மா உடனே போயிரணும்னு நிக்குறா. துறையூர்ப் பக்கம் அவ அண்ணன் இருக்காரு. போறதுக்குத் தவணை கேட்டா இன்னும் கொஞ்சம் இருக்கலாம்ங்கிறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

இத்ரூஸ் பத்திரிகையை மடித்து வைத்தார். இப்படி ஒரு கேள்விக்காகக் காத்திருந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அங்க போய் என்ன செய்யப் போற? அங்கயும் மழையில்ல, சாப்பாடில்ல. இது உலகம் முழுக்க வந்த கஷ்டம் அழகையா. எண்ணெய் ஏறினா எல்லாம் ஏறும். தேயிலையும் ஏறித்தான் ஆகணும். ஏறினதும் தோட்டத்துல வேலை கூடும். அவசரப்படாத. இரு."

அழகையாவின் முகம் தெளிந்தது. தவணைக்கு எழுதிப் போட்டான்.

ஆனால் தேயிலை விலைக்கு முன்னால் பசி வந்தது. தோட்டத்தில் வேலை நாட்களைக் குறைத்தார்கள். அரிசியையும் மாவையும் குறைத்தார்கள். லயத்து வரிசை வீடுகளின் சனம் மரவள்ளிக் கிழங்கைத் தேடி நாட்டுக்குள், சிங்களக் கிராமங்களுக்குப் போனது. கிழங்கு தீர்ந்த பிறகு கீரை, கீரை தீர்ந்த பிறகு வெறும் தேயிலைச் சாயத்தண்ணி. பசறைத் தெருவில் தோட்டத்துப் பெண்கள் கையேந்தி நின்றார்கள். இத்ரூஸ் அவர்களுக்குக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரரிடம் பங்களாதேஷில் இதைவிட மோசம் என்றார்.

அழகையா பல வாரங்களாக இறங்கி வரவில்லை. அங்கம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். இத்ரூஸின் மனைவி ஸவாஹிரா ஒரு பையில் அரிசியும் சீனியும் கட்டிக்கொடுத்தாள்.

"ஆள் விடாதீங்க. நீங்களே போய்ட்டு வாங்க" என்றாள்.

இருபது வருடமாகப் பசறையில் இருந்தும் அவர் எந்த லயத்துக்குள்ளும் நுழைந்ததில்லை. அறைக்குள் புகை அடைத்துக் கிடந்தது. அழகையா பதறியெழுந்து சாக்கை விரித்துப்போட்டான். மூலையில் கிடந்த அங்கம்மாவின் கால்கள் வீங்கியிருந்தன, முகம் ஒட்டிப் போயிருந்தது. அவர் யாரென்று தெரிந்ததும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தங்கச்சி, கொஞ்சம் பொறுத்துக்க. நிலைமை மாறும்" என்றார் இத்ரூஸ்.

"நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும், மொதலாளி" என்றாள் அவள். குரலில் குத்தல் எதுவுமில்லை. "அது வரைக்கும் ஒடம்பு தாங்கணுமே."

அன்று மதியமே அவர் ஒரு வேன் பிடித்து அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அந்த வாரம் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள்.

அடுத்த ஆண்டு பிரேசிலில் உறைபனி விழுந்து கோப்பித் தோட்டங்கள் கருகின. கோப்பி விலை தாறுமாறாக ஏற, உலகம் தேயிலைப் பக்கம் திரும்பியது. எழுபத்தேழில் தேயிலைக்கு அதுவரை காணாத விலை. "முதலாளி அன்னைக்கே சொன்னாரே!" என்று கடைவீதியில் பாராட்டினார்கள். இத்ரூஸ் எழுந்து கடையின் உள்பக்கம் போய்விட்டார்.

அந்த வருடம்தான் அழகையா புறப்பட்டான். இத்ரூஸ் பதுளை ஸ்டேசனுக்குப் போனார். கப்பலேறத் தலைமன்னாருக்குப் போகும் குடும்பங்களின் அழுகை பிளாட்பாரம் முழுக்கக் கேட்டது. அழகையா ஒரு தகரப் பெட்டியோடு தனியாக நின்றான்.

"இப்பத்தானே வேலை நல்லா நடக்குது" என்றார் இத்ரூஸ்.

"அவ அண்ணன்கிட்ட நேர்ல போய்ச் சொல்லணும்ங்க. கடுதாசிதான் போட்டேன்."

இத்ரூஸ் அவன் பக்கம் நெருங்கி வந்தார்.

"அழகையா, அன்னைக்கு நான் இருன்னு சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு உலகத்தைப் பத்தித் தெரியும்னு நெனச்சேன். ஒன் வீட்டு அடுப்பைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல."

அழகையா தலையைக் குனிந்துகொண்டான்.

"எனக்கும் போக மனசில்லைங்க, மொதலாளி. நீங்க இருன்னுதான் சொல்லுவீங்கன்னு தெரியும். அதனாலதான் உங்ககிட்ட வந்து கேட்டேன். அவகிட்ட ஒரு தடவை சரியா கேட்டிருக்கலாம்."

ரயில் கூவியது. இத்ரூஸ் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். அழகையா ஏறி, ஜன்னலோரம் இடம் கிடைக்காமல் கூட்டத்துக்குள் நின்றான். ரயில் நகர்ந்தபோது அவன் கை தெரிகிறதா என்று அவர் பார்த்தார். எத்தனையோ கைகள் அசைந்தன. எது அவனுடையது என்று தெரியவில்லை.