இரண்டு காலிப் பெட்டிகள்

கண்ணாடிக் கதவுக்கு முன்னால் வந்ததும் அவள் திட்டப்படி தடுமாறினாள். கைகளில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அட்டைப்பெட்டிகள். மேல்பெட்டி முகவாயை இடித்தது. அடையாள அட்டையைக் காட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். அவளிடம் அட்டை கிடையாது. அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் அவளுக்கு வேலையும் கிடையாது. பல்கலைக்கழகத்தில் கணினிப் பாதுகாப்பு படிக்கும் மூன்றாம் வருட மாணவி அவள். முன்பின் தெரியாத ஒருத்தி உள்ளே நுழைந்துவிட முடியுமா என்று சோதிக்க, அலுவலக மேலாளரின் ஒப்புதலோடுதான் வந்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட்ட கடிதம் நான்காக மடிந்து சட்டைப் பையில் இருந்தது. பிடிபட்டால் நீட்ட வேண்டும். நீட்டத் தவறினால் மீதிப் பாடத்தைப் போலீஸ் ஸ்டேஷனில்தான் படிக்க வேண்டியிருக்கும்.

"அய்யோ, இரு இரு. ரெண்டு கையிலயும் பெட்டிய வெச்சுக்கிட்டு கதவ எப்படித் திறப்ப?"

பின்னாலிருந்து வந்த பெண்ணுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். கடுகு நிற ஸ்வெட்டர். அதன் பழுப்புப் பொத்தான்களுக்கு நடுவே ஒன்று மட்டும் பெரிய நீலப் பொத்தான். தன் அட்டையைக் காட்டிக் கதவைத் திறந்து முதுகால் அதைத் தாங்கிக்கொண்டு, மேல்பெட்டியையும் வாங்கிக்கொண்டாள்.

"என்னம்மா இது, வெயிட்டே இல்ல?"

"காலிப் பெட்டிதான்க்கா. ஃபைல் எடுத்துட்டுப் போக."

"புதுசா?"

அவள் தலையாட்டினாள். தோள்பை வாரில் செருகியிருந்த குட்டி கேமரா எல்லாவற்றையும் படமெடுத்துக்கொண்டிருந்தது.

இந்த வேலைக்கு அவளை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். சோதனைக் குழுவில் மொத்தம் ஐந்து பேர். ஆன்லைன் கூட்டங்களில் அவளுடைய மைக் எப்போதும் மூடியே இருக்கும். அதனால் பெயர் 'மியூட்'. ஒருமுறை கூட்டம் முடிந்து மற்ற நால்வரும் சினிமாவுக்குப் போவதைப் பற்றிப் பேசி, டிக்கெட்டும் போட்டு, ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவள் இருப்பதே யாருக்கும் நினைவில்லை. திரையில் தன் முகம் மட்டும் மிஞ்சியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் அவள் மடிக்கணினியை மூடினாள். 'கேப்டன்' என்று எல்லோரும் கூப்பிடும் குழுத்தலைவன் சொன்னான், "உள்ள போறதுக்கு மியூட்டையே அனுப்பலாம். பார்த்தாலும் ஒருத்தருக்கும் ஞாபகம் இருக்காது." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மைக் மூடியபடியே. அந்த வாரம் முழுக்க அவளிடம் நேரில் பேசிய ஒரே ஆள் பஸ் கண்டக்டர். அவரும் "உள்ள தள்ளிப் போம்மா" என்றதோடு சரி.

திட்டம் எளிமையானது. வெளியிலிருந்தே அலுவலகக் கணினிகளுக்குள் நுழைய வழிவிடும், தீப்பெட்டி அளவிலான ஒரு கருவியைப் பிரிண்டருக்குப் பின்னால் சுவரில் உள்ள இணைப்பில் செருக வேண்டும். இருபது நிமிடத்துக்குள் வெளியேற வேண்டும். அவள் பதினொரு நிமிடத்தில் செருகிவிட்டாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

கிளம்பியிருக்கலாம். ஆனால் ஆவண அறையைக் கடக்கும்போது அந்த அக்கா தன் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, அதிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டிருந்தாள். "வந்து உட்காரு. புதுசா வர்றவங்களுக்கு முதல் நாள் உட்காரக்கூட இடம் குடுக்க மாட்டாங்க. நான் பட்டிருக்கேன்."

அவள் கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். சாயங்காலம் ஐந்தரை வரை உட்கார்ந்தே இருந்தாள். மதியம் அக்கா தன் சாப்பாட்டில் பாதியை டப்பா மூடியில் வைத்துத் தள்ளினாள். ஏசி குளிரில் அவள் கையைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்து ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். மேலதிகாரி நடக்கும் நடையை உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டினாள். ஆறு வருடமாக ஒப்பந்த வேலையாம். அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். "யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்," என்றாள். அவளிடம் யாரும் இப்படி எதையும் நம்பிச் சொன்னதில்லை. சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பின்னாலேயே அவமானமாகவும் இருந்தது.

பஸ்ஸில் ஏறிய பிறகுதான் ஸ்வெட்டரோடு வந்துவிட்டது தெரிந்தது. சோதனைக்குப் போன இடத்திலிருந்து ஒரு குண்டூசியைக்கூட எடுத்து வரக்கூடாது என்பது விதி. எடுத்தால் அறிக்கையில் எழுத வேண்டும். அவள் எழுதவில்லை. விடுதி அறை நாற்காலியின் முதுகில் அதைப் போட்டு வைத்தாள். அறையில் இன்னொருவர் இருப்பதுபோல் இருந்தது.

மறுவாரம் அறிக்கையைத் தயாரிக்க ஆய்வகத்தில் கூடினார்கள். வழிகாட்டும் மேடமும் இருந்தார். கேப்டன் முதல் பக்கத்தைத் திரையில் போட்டான். முதுகால் கதவைத் தாங்கியபடி, கையில் காலிப் பெட்டியோடு அக்கா. முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தான்.

"மேனேஜர் முன்னாடி முதல் ஸ்லைடே இதுதான். அப்படியே ஆடிப்போயிடுவாங்க," என்றான்.

"அந்தப் படம் வேண்டாம்."

எல்லோரும் திரும்பினார்கள். "பாருடா, மியூட் பேசுது!" என்றான் ஒருவன்.

"முகம்தான் மறைச்சாச்சே," என்றான் கேப்டன்.

"ஸ்வெட்டர் தெரியுது. அந்த நீலப் பட்டன் அந்த மாடி முழுக்கத் தெரியும். அவங்களக் கண்டுபிடிக்க முகமே தேவையில்ல. அடுத்த மாசம் அவங்க வேலைய நிரந்தரம் பண்ணப் போறாங்க. இந்தப் படம் போனா நடக்காது."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்? நீ உள்ள இருந்ததே இருபது நிமிஷம்."

வாயை மூடிக்கொண்டால் கழுவுகிற மீனில் நழுவுகிற மீனாகத் தப்பிவிடலாம். படம் மேலாளரிடம் போய்விடும், அக்காவின் வேலையும் போய்விடும். அவள் சொன்னாள். ஐந்தரை மணி, பாதிச் சாப்பாடு, அறையிலிருக்கும் ஸ்வெட்டர் எல்லாவற்றையும். அன்றுதான் அந்தக் குழுவில் மற்ற நால்வரும் ஒன்றாக மௌனமானார்கள்.

மேடம் கத்தவில்லை. படத்தை நீக்கச் சொன்னார். அடுத்த சோதனைக் குழுவிலிருந்து அவள் பெயரையும் நீக்கினார். "ஸ்வெட்டர நீயே கொண்டுபோய்க் குடுத்துடு. மேலாளர்கிட்ட நான் பேசிக்கிறேன். கதவைப் பத்தின பரிந்துரையையும் நீயே எழுது. அந்தக் கதவு எப்படித் திறந்ததுன்னு உனக்குத்தான் தெரியும்."

இரண்டு நாள் யோசித்து எழுதினாள். கை நிறையப் பொருளோடு நிற்பவருக்குக் கதவைத் திறப்பது மனித இயல்பு. இதில் எந்த ஊழியரின் தவறும் இல்லை. ஆகவே எவ்வளவு தெரிந்த முகமானாலும், ஒவ்வொருவரும் தம் அட்டையைக் காட்டியே நுழையும் முறை வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போனாள். லிஃப்டுக்கு வெளியே முன்பு இல்லாத ஒரு மேசையும், பதிவேடும், காவலாளியும். கண்ணாடிக் கதவில் அவள் எழுதிய வாக்கியமே பெரிய எழுத்தில் ஒட்டப்பட்டிருந்தது. உள்ளேயிருந்து வந்த அக்கா அவளைப் பார்த்ததும் நின்றாள். கதவைச் சாண் அளவுக்குத் திறந்தாள்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது. கார்டு?"

"இல்லக்கா. இதக் குடுத்துட்டுப் போகலாம்னு..."

அக்கா அவள் கையிலிருந்ததைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தாலாவது பரவாயில்லை. "பெட்டி காலியா இருந்தப்பவே நான் யோசிச்சிருக்கணும்," என்றாள்.

"பர்மனென்ட் ஆச்சாக்கா?"

"ம். போன வாரம்." ஒரு கணம் இன்னும் ஏதோ சொல்ல வந்தவள்போல் இருந்தது. "மேசையில எழுதி வெச்சுட்டுப் போம்மா. அதான் ரூல்." கதவு சாத்திக்கொண்டது.

காவலாளி பதிவேட்டைத் திருப்பி வைத்தார். தன் பெயரை எழுதினாள். வந்த காரணத்தை எழுதினாள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அக்காவின் பெயரை அவள் கேட்கவில்லை. அக்காவும் அவளுடைய பெயரைக் கேட்டதில்லை.

தலை நிமிர்ந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆவண அறையின் கதவுக்கு முன்னால் அக்கா இரண்டு கை நிறையக் கோப்புகளோடு நின்றிருந்தாள். இந்தப் பக்கம் நின்ற அவளுடைய கை தானாக முன்னே நீண்டது. அக்கா குனிந்து கோப்புகளைத் தரையில் வைத்து, அட்டையைக் காட்டி, கதவைக் காலால் தடுத்துக்கொண்டு, அவற்றை ஒவ்வொன்றாக மறுபடி எடுக்கத் தொடங்கினாள்.